பரிசை எதிர்நோக்கும் காலம்

புரட்டாதி மாதத்தின் கடைக்கூற்றில், நமது கல்லூரிகளிலே நவராத்திரி விழாவுக்கான ஆயத்தங்கள் நடைபெறும் காலத்தையொட்டி, ஐரோப்பாவின் வடபாலுள்ள இரண்டு நகரங்களை உலகம் உற்றுநோக்கத் தொடங்குகின்றது. ஒன்று சுவீடனின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோம். மற்றையது நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோ. ஒக்டோபர் மாதத்தின் முற்பகுதியில் மருத்துவம், பௌதிகம், இரசாயனம், இலக்கியம், சமாதானம், பொருளியல் என்னும் ஆறு துறைகளுக்குமுரிய நோபல் பரிசுகள் நாளுக்கொன்றாக அறிவிக்கப்படுகின்றன. செய்தி வருமுன்னரே, "இம்முறை யாருக்கு?" என்னும் கேள்வி பத்திரிகைகளிலும் ஆசிரியர் அறைகளிலும் எழுந்துவிடுகின்றது. இலக்கியப் பரிசு யாருக்கென்று இலண்டனிலே பந்தயம் கட்டுவோரும் உளர். எவருடைய கட்டுரைகளை ஏனைய ஆய்வாளர் மிகுதியாக எடுத்தாளுகின்றனர் என்று கணக்கிட்டு, வருங்காலப் பரிசாளரை 2002 முதல் ஊகித்துக் கூறிவரும் நிறுவனமும் ஒன்றுண்டு.

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையை எழுதுதற்கு என்னினும் தகுதியுடையார் பலர் உளர் என்பதை நினைந்து, இந்தப் பரிசுக் காலத்தைப் பற்றிச் சில கூற எண்ணினேன். பொருத்தமற்ற பொருளென்று எவரும் எண்ணவேண்டா. பரிசு என்பது பாடசாலைகளுக்கு அந்நியமான ஒன்றன்று. ஆண்டுதோறும் நாமும் பரிசளிக்கின்றோம். எதற்குப் பரிசளிக்கின்றோமோ அதையே நம் பிள்ளைகள் பெரிதென எண்ணி வளர்கின்றனர். ஆகவே உலகின் பெரும் பரிசை நாம் எவ்வாறு எதிர்நோக்குகின்றோம் என்பதும், நமது சிறு பரிசுகளை எவ்வாறு வழங்குகின்றோம் என்பதும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாம்.

முதலில், இப்பரிசு வழங்கப்படும் முறையைச் சுருக்கமாகக் கூறுதல் நலம். வெடிமருந்து செய்து பெரும் பொருளீட்டிய அல்பிரட் நோபல், 1895 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆம் நாள் பாரிசு நகரிலே தமது மரணசாசனத்திற் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டு டிசெம்பர் 10 ஆம் நாள் அவர் காலமானார். 1901 இல் முதற் பரிசுகள் வழங்கப்பெற்றன. பொருளியற் பரிசு மட்டும் அவர் ஏற்படுத்தியதன்று. சுவீடனின் மத்திய வங்கி 1968 இல் அவர் நினைவாக நிறுவியது. ஒவ்வோராண்டும் தகுதிவாய்ந்தோரிடமிருந்து பரிந்துரைகள் சனவரி 31 ஆம் நாளுக்குள் பெறப்படுகின்றன. பின்னர்க் குழுவினர் பல மாதங்கள் ஆராய்ந்து முடிவு செய்கின்றனர். பரிந்துரைக்கப்பட்டோர் பெயர்களை ஐம்பது ஆண்டுகள் வரை அவர்கள் வெளியிடுவதில்லை. "இன்னார் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளார்" என்று பத்திரிகையிற் காணும்போது நாம் அளவுக்கு மீறி மகிழ்தல் வேண்டா. பரிந்துரைக்கும் உரிமை உலகெங்கும் பல்லாயிரவர்க்கு உண்டு. சமாதானப் பரிசுக்குப் பேராசிரியர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களுங்கூட ஒருவரைப் பரிந்துரைக்கலாம். பரிந்துரைக்கப்படுதல் வேறு, தெரிவு செய்யப்படுதல் வேறு.

நோபலின் சாசனத்திலே, முந்திய ஆண்டில் மனுக்குலத்துக்கு மிகப்பெரும் நன்மை செய்தோருக்கே பரிசு என்று எழுதப்பட்டுள்ளது. நடைமுறையோ பெரிதும் வேறுபட்டது. 1956 இல் வெளியிட்ட கருத்துக்கு 1957 இலேயே பரிசு பெற்ற லீ, யாங் என்னும் சீனப் பௌதிகவியலாளரைப் போன்றோர் மிகச் சிலர். பிறர் நெடுங்காலம் காத்திருந்தனர். கோழிகளிலே புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரசை 1911 இல் எடுத்துக்காட்டிய பெய்ரன் ரவுஸ், 1966 இலேதான் பரிசு பெற்றார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அவருக்கு வயது எண்பத்தேழு. பீற்றர் ஹிக்ஸ் 1964 இற் கடதாசியில் எழுதிய துணிக்கை 2012 இலே செனீவாவிலுள்ள ஆய்வுகூடத்திற் கண்டுபிடிக்கப்பட, 2013 இல் அவருக்குப் பரிசு கிடைத்தது. அதே காலத்தில் அதே கருத்தை வெளியிட்டோருள் ஒருவரான றொபேட் புறூ 2011 இற் காலமானார். இறந்தோருக்குப் பரிசு வழங்குதல் விதிக்கு அடாது. எனவே பரிசு பெறுதற்கு அறிவோடு ஆயுளும் வேண்டியிருக்கின்றது.

பரிசை எதிர்நோக்கியிருந்தோருள் நமக்கு நன்கு தெரிந்தவர் சந்திரசேகர வெங்கட இராமன். திருச்சிராப்பள்ளியிலே 1888 இற் பிறந்த இவர், கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுகூடத்தில் உழைத்தவர். 1928 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆம் நாள், ஒளிச்சிதறல் பற்றித் தாம் கண்ட புதிய விளைவினை அறிவித்தார். அவ்வாண்டே பரிசு தமக்கு வருமென எதிர்பார்த்தார், வரவில்லை. அடுத்த ஆண்டும் எதிர்பார்த்தார், வேறொருவருக்குச் சென்றது. 1930 இல், அறிவிப்பு வருதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, டிசெம்பர் விழாவுக்குச் செல்வதற்காகக் கப்பலிலே தமக்கும் தம் மனைவியார்க்கும் இடம் பதிவு செய்துவிட்டார் என்பர். அம்முறை அவர் எண்ணம் பிழைக்கவில்லை. இதனைச் செருக்கென்று கூறுவோர் உளர். தாம் செய்த வேலையின் பெறுமதியை நுணுக்கமாக அறிந்த ஒருவரின் துணிவென்றே நான் கருதுகின்றேன். பரிசு வருமுன்னரே வேலையின் தரத்தை அவர் நிறுத்துப் பார்த்திருந்தார். ஸ்ரொக்ஹோம் அதனை உறுதிப்படுத்தியது, அவ்வளவே.

அவர் தமையனாரின் மைந்தர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1930 இல், பத்தொன்பது வயதிலே, சென்னையிற் பட்டப்படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய இவ்விளைஞர், எரிந்து முடிந்த விண்மீன்களைப் பற்றி வழியிலே கணக்கிட்டுப் பார்த்தார். அத்தகைய விண்மீன் தன்னிலையில் நிலைத்து நிற்பதற்கு ஓர் எடையெல்லை உண்டென்றும், அது சூரியனுடைய எடையின் ஏறத்தாழ 1.4 மடங்கென்றும் பின்னர் நிறுவினார். 1935 சனவரியில் இலண்டனில், அக்காலத்து வானியலாளருள் தலைசிறந்தவராக மதிக்கப்பெற்ற ஆதர் எடிங்ரன், சபை நடுவே இக்கருத்தை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் மனமுடைந்து ஆய்வைக் கைவிடவில்லை, எடிங்ரனைப் பகைக்கவுமில்லை. 1939 இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றித் தாம் அறிந்தவற்றை ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு வேறொரு துறைக்குச் சென்றார். அதனையும் முற்றாகக் கற்று நூலெழுதி, மீண்டும் வேறொரு துறைக்குச் சென்றார். 1983 இலே, எழுபத்துமூன்று வயதில், நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டினை அவர் பரிசுக்காகக் காத்திருந்து கழிக்கவில்லை, கற்றுக் கழித்தார். சிறிய தந்தையார் எதிர்பார்த்துப் பெற்றார். மகன் எதிர்பாராது பெற்றார். இருவர்க்கும் பொதுவானது வேலையில் வைத்த பற்று ஒன்றே.

அண்மைக் காலத்துச் சான்று வேண்டுவோர் கதலின் கரிக்கோ அம்மையாரை நினைக்க. ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இவர், தூது ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூற்றை மருந்தாகப் பயன்படுத்தலாம் என நம்பி உழைத்தார். ஆய்வுக்குப் பணவுதவி கிடைக்கவில்லை. 1995 இலே பதவியில் தாழ்த்தப்பட்டார். அவரும் துரூ வைஸ்மனும் 2005 இல் வெளியிட்ட கட்டுரை பெரிய ஆரவாரத்தை எழுப்பவில்லை. 2020 இற் கொவிட் நோய்க்குத் தடுப்பூசி வேண்டி உலகம் தவித்தபோது அவ்வுழைப்பே கைகொடுத்தது. 2023 இல் இருவரும் பரிசு பெற்றனர். 2005 இல் எந்த நிறுவனமாவது சிறந்த ஆய்வாளருக்குப் பரிசளிக்க எண்ணியிருந்தால், அவர் பெயர் எவர் நினைவுக்கும் வந்திருக்குமோ என்பது ஐயமே.

இனி, பரிசளிப்போரும் மனிதரே என்பதை மறத்தலாகாது. மூலகங்களை அட்டவணைப்படுத்திய மெண்டலீவ் 1907 இற் பரிசு பெறாமலே இறந்தார். தோல்ஸ்தோய்க்கு இலக்கியப் பரிசு கிடைக்கவில்லை. அணுக்கருப் பிளவின் உண்மையை விளக்கியவருள் முதன்மையானவர் லீசே மைற்னர் அம்மையார். அக்கண்டுபிடிப்புக்கான 1944 ஆம் ஆண்டின் இரசாயனப் பரிசோ ஒற்றோ ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அம்மையார் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை பரிந்துரைக்கப்பட்டும் பயனில்லை. 1927 இல் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளி நம் முன்னோரிடையே உரையாற்றிய காந்தியடிகள், ஐந்து முறை சமாதானப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். இறுதிப் பரிந்துரை அவர் கொலையுண்ட 1948 ஆம் ஆண்டிற்குரியது. அவ்வாண்டு, தகுதியுடைய எவரும் உயிருடன் இல்லை என்று கூறிப் பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. காந்தியடிகளுக்கு இதனால் வந்த குறை யாதும் இல்லை. குறை பரிசுப் பட்டியலிலேதான் நிற்கின்றது.

ஆயின், இக்குறைகளைச் சுட்டிப் பரிசே வேண்டாமென்று கூறுதல் என் நோக்கமன்று. ஆண்டில் ஒரு வாரமாயினும் உலகப் பத்திரிகைகளின் முதற் பக்கத்தில், போரும் தேர்தலும் ஒதுங்கி, ஒரு மூலக்கூறோ ஒரு கவிஞரோ இடம்பெறுவது நற்பேறன்றோ? நான் குறைகூறுவது நாம் அச்செய்தியை வரவேற்கும் முறையையே. பட்டியலில் நம்மவர் பெயர் உண்டோ என்று தேடுகின்றோம், உண்டெனிற் கொண்டாடுகின்றோம், இன்றேற் பத்திரிகையை மடித்து வைக்கின்றோம். சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009 இல் இரசாயனப் பரிசைப் பகிர்ந்து பெற்றபோது நம்மிற் பலர் அவர் பிறந்த ஊரை ஆராய்ந்தோம். கலத்தினுள்ளே புரதத்தை உருவாக்கும் இறைபோசோம் எவ்வாறு அமைந்துள்ளது என்று ஆராய்ந்தோர் எத்தனை பேர்? ஒருவர் இன்ன நாட்டவராயிருத்தல் பிறப்பின் தற்செயல் என்னும் கருத்துப்பட அவரே கூறினார். அவர் வாழ்விலே நம் மாணவர் கற்கத்தக்கது வேறொன்று. பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற பின், தமக்கு உண்மையில் விருப்பமான துறை உயிரியலே என்றுணர்ந்து, மீண்டும் ஒரு மாணவராக அமர்ந்து அதனை அடியிலிருந்து கற்றார். பட்டம் பெற்றவன் மறுபடியும் வாங்கிலே அமர்வதை இழுக்கென எண்ணும் நம் சமூகத்துக்கு, இதைவிட நல்ல பாடம் உண்டோ?

இவ்வாறு பிறரைக் குறைகூறும் யான், என் குறையையும் கூறுதல் முறை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பாடசாலையிலே பௌதிகம் கற்பித்தேன். ஒருநாள் ஒளித்தெறிப்பைப் படிப்பிக்கும்போது, கடல் நீலமாகத் தோன்றுவது வானத்தின் நிறம் அதிலே தெறிப்பதனாலாகும் என்று சொல்லி அப்பாற் சென்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்தான். கடற்றொழில் செய்யும் குடும்பத்தவன். விடுமுறை நாள்களில் தந்தையுடன் கடலுக்குப் போகின்றவன். "சேர், ஆழக்கடலிலே வள்ளத்தின் நிழல் விழுகிற பக்கம் எட்டிப் பார்த்தாலும் தண்ணி நீலமாய்த்தான் கிடக்குது. அங்கே வானம் தெறிக்காதே?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "அது சோதனைக்கு வராது, இரு" என்றேன். அவன் இருந்தான், அதன் பின்னர் என் வகுப்பில் அவன் எழுந்து கேள்வி கேட்டதாக நினைவில்லை. அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவிலே பௌதிகப் பரிசு, நான் சொன்னவற்றை ஒரு சொல்லும் வழுவாது எழுதிய வேறொரு மாணவனுக்குச் சென்றது. பரிசுக்குரியவனைத் தெரிந்து கொடுத்தவனும் நானே.

பல ஆண்டுகளின் பின்பே இராமனுடைய வரலாற்றை விரிவாகப் படித்தேன். 1921 இல் ஐரோப்பாவுக்குக் கப்பலிற் சென்ற அவர், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். கடலின் நீலம் வானத்தின் தெறிப்பே என்பது, 1904 இல் நோபல் பரிசு பெற்ற றேலி பிரபுவின் கொள்கை. இராமன், தம் கையிலிருந்த ஒரு படிகத்தின் வழியாக, நீரின் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியைத் தடுத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை; முன்னிலும் தெளிவாயிற்று. நீலத்தின் காரணம் நீரினுள்ளேயே இருக்க வேண்டும் என்று கண்டார். நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும் அதற்குப் பெரிய காரணமென்பதை இன்று அறிவோம். கப்பலில் எழுந்த அந்தக் கேள்வியே, ஏழாண்டு ஆய்வுக்குப் பின் 1928 ஆம் ஆண்டின் கண்டுபிடிப்புக்கு அவரை இட்டுச் சென்றது. படிகத்தைக் கொண்டு இராமன் செய்ததையே அச்சிறுவன் வள்ளத்தின் நிழலைக் கொண்டு செய்திருந்தான். நான் சொன்ன விடை றேலி பிரபு சொன்ன விடை. ஆதலின் பிழையாயினும் பெரியோர் பிழை என்று ஆறுதல் கொள்ளலாம். "இரு" என்று சொன்னதற்கு அத்தகைய ஆறுதல் யாதும் இல்லை. அவன் பின்னர் என்ன ஆனான் என்பதை யான் அறியேன்.

ஆகவே பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். ஒன்று: ஆண்டுதோறும் பரிசு அறிவிப்புக்கு முன்னர், விஞ்ஞான மன்றமும் தமிழ் மன்றமும் சேர்ந்து ஒரு மாலைக் கூட்டம் நடத்துக. மேல்வகுப்பு மாணவன் ஒவ்வொருவனும் இன்னும் பரிசு பெறாத ஒரு கண்டுபிடிப்பையோ ஓர் எழுத்தாளரையோ தெரிந்து, அங்கே எழுப்பப்பட்ட கேள்வி யாது, விடை காணப்பட்ட வழி யாது, அதிற் பங்குகொண்டோர் எவரெவர் என்று ஐந்து நிமிடம் பேசுக. சரியாக ஊகித்தவனைப் பாராட்டுதலினும் தெளிவாக விளக்கியவனைப் பாராட்டுக. ஊகம் பிழைத்தாலும் கற்றது பிழைபோகாது. அறிவிப்பு வரும் நாளில் அவன் பட்டியலிற் பெயரை மட்டும் தேடமாட்டான். தான் கற்ற பொருளைத் தேடுவான்.

மற்றொன்று: நமது பரிசளிப்பு விழாவிலே, பழைய மாணவர் நிதியிலிருந்து "வினாப் பரிசு" என ஒன்றை ஏற்படுத்துக. வகுப்புக்கொரு கொப்பி வைத்து, ஆசிரியர் உடனே விடை கூற இயலாத கேள்விகளை, கேட்டவன் பெயரோடு அதிலே எழுதுக. ஆண்டிறுதியில் அவற்றுட் சிறந்ததைத் தெரிந்து பரிசளிக்க. ஆசிரியர்க்கு இதில் இழுக்கொன்றுமில்லை. விடை தெரியாத கேள்வியை எழுப்பும் மாணவனை உருவாக்குதலே ஆசிரியத் தொழிலின் உச்சமாகும்.

இதற்கு எழக்கூடிய தடையை அறிவேன். பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் தங்கியிருக்கும் நாட்டிலே, பிள்ளையின் எதிர்காலம் சோதனையில் அன்றோ இருக்கின்றது, கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரமேது என்று பெற்றோர் கேட்பர். அது வீண் அச்சமன்று. சோதனையைப் புறக்கணிக்குமாறு யான் கூறவில்லை. சோதனைப் பரிசுகளோடு இன்னும் ஒரு பரிசு இருக்கட்டும் என்றே கூறுகின்றேன். இக்காலத்து விஞ்ஞானம் பெரும் பொறிகளையும் பெரும் பொருளையும் வேண்டி நிற்கின்றது என்பதும் மெய்யே. இராமன் சிறு கருவிகளைக் கொண்டு சாதித்ததை இன்று எல்லாத் துறையிலும் சாதித்தல் இயலாது. ஆயினும் கேள்வி கேட்டற்குப் பொறி வேண்டியதில்லை. அதற்கு வேண்டுவன பார்க்கும் கண்ணும், எழுந்து நிற்கும் துணிவும், அமர்த்தாத ஓர் ஆசிரியருமே.

இவ்வாண்டும் வாணி விழாவிலே நூல்களைக் கலைமகள் திருமுன் வைப்போம்; விசயதசமியன்று ஏடு தொடக்குவோம். அந்நூல்களோடு அந்த வினாக் கொப்பியும் வைக்கப்படுமாயின், ஸ்ரொக்ஹோமிலிருந்து வரும் செய்தியை நம் பிள்ளைகள் வெறும் வேடிக்கையாக அன்றித் தமக்குரிய செய்தியாக எதிர்கொள்வர். நம் கல்லூரியின் மைந்தன் ஒருவன் என்றேனும் அப்பரிசைப் பெறுவானோ பெறானோ யான் அறியேன். அவன் கேட்ட கேள்வி அமர்த்தப்படாதிருத்தல் மட்டும் நம் கையில் உள்ளது. அதனையேனும் செய்வோமாக.